தெரியாத பாட்டைத் தேடிப் போனது

இதை எழுத ஏழு வருஷமாகத் தயங்கினேன். நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்தது மூன்று தடவை. நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். மாவு மில் வைத்திருப்பவன். எழுதுகிறவர்களிடம் இருக்கும் வார்த்தை என்னிடம் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் வீட்டுக்காரி. இதில் பெரிய பங்கு அவளுடைய துக்கம். அதை ஊர் முன்னால் விரித்துப் போட எனக்கு என்ன உரிமை என்று இருந்துவிட்டேன். போன மாதம் அவளே, "எழுதிருங்க. ஆனா நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பழனி ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும், படிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மில் ரெட்டியார்சத்திரத்தில், திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற ரோட்டோரம் இருக்கிறது. பின்பக்கம் வீடு. முன்னால் மிளகாய், மல்லி, கோதுமை, அரிசி என்று நான் அரைத்துக்கொண்டிருப்பேன். பின்னால் என் வீட்டுக்காரி ஜாக்கெட் தைப்பாள். அவளுக்குத் துணையாக எங்கள் ஒரே மகள். டவுனில் காலேஜ் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு, அம்மாவோடு உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் சும்மா இருக்காது. பாடிக்கொண்டே இருப்பாள். சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, டி.வி.யில் வருகிற சோப்பு விளம்பரம், பஞ்சாயத்துக் குப்பை வண்டி போட்டுக்கொண்டு வருகிற பாட்டு, எதையும் விடமாட்டாள். நான் முப்பது வருஷம் மிஷின் சத்தத்தில் நின்றவன். எனக்குக் காது பாதி மந்தம். பாட்டில் ஞானம் சுத்தமாகக் கிடையாது. அவள் பாடுகிறாள் என்பது தெரியும். என்ன பாடினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதை எழுதும்போது அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

ஒரு ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் போய்விட்டாள். இருபத்தொரு வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனபின் வீட்டில் சத்தமே இல்லை. என் வீட்டுக்காரி அழவில்லை. அது எல்லோருக்கும் பயமாக இருந்தது. தையல் மிஷின் முன்னால் போய் உட்காருவாள், மிதிக்க மாட்டாள். ஒரு வாய் சாப்பிடுவாள், கையைக் கழுவிவிடுவாள். குப்பை வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். காலையில் நான் வழக்கமாகப் போடுகிற முருகன் பாட்டைப் போட்டேன். எழுந்து வந்து நிறுத்திவிட்டாள். சரி, பாட்டே வேண்டாம் போல என்று விட்டுவிட்டேன்.

நாற்பது நாள் போல ஆகியிருக்கும். சோறு போட்டுக்கொண்டே அவளாகப் பேசினாள்.

"ஏங்க, எனக்கு ஏதாச்சும் பாட்டு வாங்கிட்டு வாங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம்.

"சத்தமில்லாம இருந்தா அவ முனங்குறது கேக்குது. தெரிஞ்ச பாட்டுப் போட்டா அவ கூடவே பாடுறா. எந்தப் பாட்டுல எங்க மூச்சு வாங்குவா, எங்க வார்த்தைய முழுங்குவான்னு அம்புட்டும் எனக்குத் தெரியும். அதனால எனக்குத் தெரியாத பாட்டா வேணும். அவ பாடாத பாட்டா வேணும். அது ஓடுனா நான் மிஷினை மிதிச்சிருவேன்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. நாற்பது நாளில் அவள் கேட்டதும் அது ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் அவளையும் இழந்துவிடுவேன் என்று என் மனதில் பட்டது. சாமி படத்துக்கு முன்னால் நின்று, "எனக்குப் பாட்டுத் தெரியாது, நீதான் காட்டணும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பென் டிரைவில் பாட்டு ஏற்றித் தருவார்கள். கடைக்காரரிடம் போய், "தெரியாத பாட்டாக் குடுங்க" என்றேன்.

"யாருக்குத் தெரியாத பாட்டுண்ணே?"

"எங்க வீட்டுக்குத் தெரியாத பாட்டு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, புதிதாக வந்த சாமிப் பாட்டு என்று நூறு பாட்டு ஏற்றிக் கொடுத்தார். அதைப் போட ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டேன். என் வீட்டுக்காரி மிஷினில் துணியை வைத்தாள். பாட்டில் நாலு வரி போயிருக்கும், கையை எடுத்துவிட்டாள்.

"இது பழைய சினிமா மெட்டுங்க. வார்த்தை மட்டும்தான் சாமிக்கு."

அடுத்தது போட்டேன். அதுவும் அப்படித்தான். நூறில் பத்து, பதினைந்து போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் முருகனையும் அம்மனையும் வைத்துப் பாடியது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. திருவிழாவில் கேட்கிற பாதிப் பாட்டு அப்படித்தான். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை. வார்த்தை புதிதென்றால் பாட்டே புதிது என்று நினைத்திருந்தேன். மகள் அந்த மெட்டையெல்லாம் பாடியவள். அன்று முழுக்க என் வீட்டுக்காரி படுத்தே கிடந்தாள். நான் வாங்கி வந்தது பாட்டு இல்லை, வலி.

விஷயம் தெரிந்து என் மச்சான் வந்தார். என் வீட்டுக்காரிக்கு அண்ணன். நல்ல மனுஷர், எல்லாம் தெரியும் என்கிற குணம் மட்டும் உண்டு.

"காசு குடுத்துப் பாட்டு வாங்குற காலமா மாப்ள இது? செல்லைத் தொட்டா உலகமே பாடுது."

என்னிடம் இருந்தது பட்டன் செல். அவர் அலமாரியிலிருந்து மகளுடைய செல்லை எடுத்து சார்ஜ் போட்டுத் திறந்தார். திறந்ததும் வரிசையாகப் படம் படமாகப் பாட்டு வந்து நின்றது. அவள் கேட்டது, அவள் பாதியில் விட்டது, அவளுக்குப் பிடிக்கும் என்று செல்லே பொறுக்கி எடுத்து வைத்தது. என் வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"அவ இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான்னு அது நெனச்சுக்கிட்டு இருக்குண்ணே" என்றாள்.

மச்சான் செல்லை அணைத்து வைத்துவிட்டார். தன்னுடைய செல்லை எடுத்து, "இதுல தேடித் தாரேன். பேரச் சொல்லு மாப்ள" என்றார்.

"எந்தப் பேரு?"

"பாட்டுப் பேரு. ஆரம்ப வரி ஏதாச்சும்."

பேர் தெரிந்தால் அது தெரிந்த பாட்டு ஆயிற்றே. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு, "பாப்போம்" என்று எழுந்து போனார்.

அதன்பிறகு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மில்லுக்கு எதிரே ஒரு டீக்கடை. டீ மாஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும், என்னை அண்ணே என்பார். அவருக்கு ஒரு பழக்கம். கடையில் பாட்டு ஓடினால் கரண்டியால் கிளாசில் தட்டுவார். தெரிந்த பாட்டென்றால் அவர் கரண்டி மேளத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே போய்த் தட்டிவிடும். தெரியாத பாட்டென்றால் பின்னால் தட்டும், இல்லை சும்மா இருக்கும். காது இல்லாத எனக்கு அந்தக் கரண்டிதான் காது. பாட்டு வாங்கியதும் வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன். டீக்கடைப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டுக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முந்தினால் அந்தப் பாட்டு ஆகாது. பிந்தினால் பென்சிலால் நம்பர் குறித்துக்கொள்வேன். பெஞ்சில் இருக்கிறவர்களையும் பார்ப்பேன். ஒருவர் தலை ஆடினாலும் அந்தப் பாட்டை விட்டுவிடுவேன்.

இந்த அலைச்சலெல்லாம் ஓய்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. "ஏண்ணே, அத்தனை நாளா என்னைய எடைக்கல்லா வச்சுத்தான் நிறுத்துக்கிட்டு இருந்தியா?" என்றார். கோபம் மாதிரித்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவரே கவனமாகத் தட்ட ஆரம்பித்தார். அதில் கரண்டி கெட்டுப்போனது. யோசித்துத் தட்டினால் அது சாட்சி சொல்லாது.

பாட்டு வாங்குவதில் இன்னொன்றும் கற்றேன். கடையில் நமக்குக் கேட்கப் போடுவது பாட்டின் ஆரம்பத்தைத்தான். ஆரம்பம் எல்லாப் பாட்டிலும் ஜோராகத்தான் இருக்கும். மிளகாய் மூட்டையில் மேலாகக் கிடக்கிற வற்றலைப் பார்த்து எடுக்கிறவன் ஏமாளி. கையை மூட்டையின் நடுவுக்கு விட்டு ஒரு பிடி எடுத்து முகர வேண்டும். அதே மாதிரி, "நடுவுல இருந்து போடுங்க தம்பி" என்று கேட்க ஆரம்பித்தேன். கடைக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். ஆனாலும் நடுவில் கேட்டால் பாட்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

கேட்காத ஆள் இல்லை. கன்னிவாடி பஸ் டிரைவர் ஒருவர் தன் பென் டிரைவைக் கழற்றியே கொடுத்தார். அதில் இருந்தது எல்லாம் அவர் கல்யாணமான வருஷத்துப் பாட்டு. எங்களுக்குக் கல்யாணமான வருஷமும் அதுதான், என் வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரிந்த பாட்டு. மாவு அரைக்க வந்த நாதஸ்வரக்காரரிடம் கேட்டேன். "தெரியாததை வாசிச்சா கல்யாண வீட்டுல பந்திக்கு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க. ஊருக்குத் தெரியாததெல்லாம் எனக்கே மறந்துபோச்சு" என்று சிரித்தார். கோதுமை இறக்க வந்த வடநாட்டு லாரி டிரைவரிடம் சைகையில் கேட்டு, அவர் கேட்கிற பாட்டை ஒரு கார்டில் ஏற்றி வாங்கினேன். அது நிச்சயமாகத் தெரியாத பாட்டு. டீ மாஸ்டரின் கரண்டி அசையவே இல்லை. என் வீட்டுக்காரி இரண்டு நாள் அதை ஓடவிட்டாள். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தாள். மூன்றாம் நாள், "வேணாங்க. யாரோ வீட்டு விசேஷத்துக்குத் தெரியாமப் போயி ஓரமா நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

தெரியாததாகவும் இருக்க வேண்டும், நம்முடையதாகவும் இருக்க வேண்டும். நான் தேடியது எவ்வளவு கஷ்டமான சாமான் என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த அலைச்சலில் ஊர்ப் பேச்சு வேறு. மில்லில் மிஷின் ஓடும்போது எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஒரு நாள் சட்டென்று கரண்ட் போனது. மிஷின் நின்றது. மிளகாய் அரைக்க வந்திருந்த பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கத்திக்கொண்டிருந்த பேச்சு மட்டும் நிற்காமல் வந்துவிட்டது.

"பொண்ணு போயி நூறு நாள் ஆகல, இந்த ஆளு பாட்டுப் பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊரு ஊரா அலையுறான்."

கரண்ட் வரும் வரைக்கும் அந்தப் பெண் தன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

தை பிறந்தது. எங்கள் ரோட்டில் தை மாதம் பாத யாத்திரைக் கூட்டம். ராத்திரி பகலாகப் பழனிக்கு நடந்து போவார்கள். வருஷா வருஷம் நானும் நடக்கிறவன்தான். அந்த வருஷம் துக்க வீடு. வருஷம் திரும்பும் வரை மலை ஏறக் கூடாது. அதனால் மில் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்துவிட்டு, போகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு மைக் செட் வண்டி. அது மில்லைத் தாண்டிப் போகிற நேரம்தான் நமக்குப் பாட்டு. அதற்குள் டீக்கடைக் கரண்டியைப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் முந்தியே தட்டியது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வண்டி இல்லாமல் ஒரு கூட்டம் வந்தது. இருபது பேர் போல, பாதிக்கு மேல் பெண்கள். முன்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் ஒரு அடி பாடுவார். மற்றவர்கள், "கூட வாரோம் சாமி, கூட வாரோம்" என்று எடுப்பார்கள். அவர் பாடியதெல்லாம் வழியில் கண்டதுதான். வெயிலைப் பாடினார். காலில் ஏறிய முள்ளைப் பாடினார். என் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பானையையும் பாடினார். திரும்பி டீக்கடையைப் பார்த்தேன். மாஸ்டர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தார்.

மிஷினில் ஒரு அம்மாவின் மிளகாய் பாதி அரைபட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். "செத்த நேரம் இருங்க, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் பின்னால் நடந்தேன். பாட்டு முடிகிற இடத்தில் பேரைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். பாட்டு முடியவே இல்லை. ஒட்டன்சத்திரம் போகிற ரோட்டில் ரொம்ப தூரம் போய், ஒரு அன்னதானப் பந்தலில் அவர்கள் உட்கார்ந்தபோதுதான் நின்றது.

குடைக்கார அம்மாவிடம் போய்க் கும்பிட்டேன். "தாயி, இந்தப் பாட்டு எங்க விலைக்குக் கிடைக்கும்?"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, "விலைக்கா? நாங்க சும்மாக் குடுத்தாலே எங்க ஊருல எவனும் கேக்க மாட்டான் அப்பு" என்றாள். அவர்கள் கடற்கரைப் பக்கத்து ஊர். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "யாருக்கு வேணும்?" என்றார்.

"எங்க வீட்டுல கேக்குறாக." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெளி ஆள் ஒருவரிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போதே ஒரு பயம் வந்தது. "துக்கக்காரன் நான். தெரியாம உங்க கூட இம்புட்டுத் தூரம் நடந்துட்டேன். தப்பாயிருமா தாயி?"

"மலைதானே ஏறக் கூடாது. ரோட்டுல நடக்க யாரக் கேக்கணும்? இங்கனயே நின்னு கும்பிட்டுட்டுத் திரும்புங்க."

அவர் பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்தார். ஊரில் செல் கடை வைத்திருப்பவர் இரண்டு வருஷத்துக்கு முன் பதிந்தது. நடக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று பதிந்து, காணிக்கையாக ஏதாவது வாங்கிக்கொண்டு கொடுத்து, அதில் வழியில் சோறு போடுகிறார்களாம். நான் காணிக்கையை நீட்டினேன். அவர் கார்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்லணும். இதுல முன்னாடி பாடுறது நான் இல்ல, எங்க அக்கா. போன வருசம் போயிட்டாக. உங்க வீட்டம்மாவுக்கு இது தெரியாத பாட்டு. எங்களுக்கு இதுல அடிக்கு அடி அக்காதான். சொல்லாமக் குடுத்தா மனசு கேக்காது."

"அப்புறம் எப்படித் தாயி பாடுறீக?"

"அக்கா இருக்குறதாலதான் பாடுறோம்."

அவ்வளவுதான் சொல்லிக் கார்டை என் கையில் வைத்தார். அதற்குள் பந்தலில் இலை போட்டுவிட்டார்கள். நான் பழனி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். காலில் கொப்புளம். மில்லுக்கு வந்து சேர்ந்தபோது மிளகாய்க்கார அம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"செத்த நேரம்னுட்டுப் போன ஆளு பழனிக்கே போயி மொட்டை போட்டுட்டு வந்திருவேன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிருங்க தாயி. இதுக்குக் கூலி வேணாம்."

"கூலி கெடக்குது. தூளு வேணும். எங்க வீட்டுல வெஞ்சனம் வைக்கப் பொடி இல்ல."

அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். டீக்கடையில் போட்டுப் பார்க்கவில்லை. பெட்டியில் கார்டைச் செருகிவிட்டு, என் வீட்டுக்காரியிடம் அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இறந்தவர் குரல் என்றால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் எனக்கு அந்த அம்மா மறைக்காமல் சொல்லிக் கொடுத்ததை நான் மறைத்துக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

அவள் பெட்டியைப் பார்த்தாள். "அக்கா குரலையா வச்சுக் கேக்குறாக?"

"ஆமா. அக்கா அதுல இருக்குறதாலதான் பாடுறாகளாம்."

"போடுங்க."

போட்டேன். பதிவு ஒன்றும் நேர்த்தி இல்லை. நடுவில் யாரோ இருமுகிறார்கள், லாரி ஹாரன் அடிக்கிறது. அந்த அக்காவின் குரல் தங்கையின் குரலைவிடக் கனமாக இருந்தது. அவர் ஒரு அடி பாட, பின்னால் இருபது குரல், "கூட வாரோம் சாமி, கூட வாரோம்." என் வீட்டுக்காரி மிஷினில் துணியை வைத்தாள். மிதித்தாள். ஒரு கை முழுக்கத் தைத்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். இந்தத் தடவை தப்பு இல்லை, சரியான பாட்டை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது மிஷின் நின்றது.

"இது அவளுக்குத் தெரியாத பாட்டு" என்றாள்.

"ஆமா. அதான நீ கேட்ட?"

"தெரிஞ்சிருந்தா எம்புட்டு நல்லாப் பாடியிருப்பா." துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த 'கூட வாரோம்'ல ரெண்டாவது தடவை கொஞ்சம் மேல எடுப்பா. எடுக்காம இருக்க மாட்டா. இவுக எடுக்கல பாருங்க."

அப்புறம் அழுதாள். ஆறு மாதமாக வராத அழுகை. நானும் உட்கார்ந்து அழுதேன். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் இல்லாத பாட்டாகத் தேடித்தான் அலைந்தேன். அவள் இல்லாத அந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரிக்கு அவளைப் பற்றிப் பேச வாய் வந்தது. அன்று அந்தி வரைக்கும் மகளைப் பற்றியே பேசினாள். எந்தப் பாட்டை எப்படிப் பாடுவாள், எங்கே வார்த்தையை மறந்துவிட்டுச் சமாளிப்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குத் தெரியாமல் போன என் மகளை அன்றுதான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ராத்திரி இரண்டு பேரும் பசித்துச் சாப்பிட்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். குப்பை வண்டிப் பாட்டுக்கு இன்றைக்கும் சில நாள் கதவு சாத்தப்படும். சில பாட்டு எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் மிஷின் ஓடுகிறது. காலையில் முருகன் பாட்டும் போடுகிறேன். எப்போதாவது, "இதுல இங்கதாங்க மூச்சு வாங்குவா" என்று அவளே சொல்வாள். துக்கத்தில் இருப்பவர்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் தப்பாக எண்ணாதீர்கள் என்பதுதான் நான் இதில் சொல்ல வந்தது.

இதை நான் நாலைந்து பேரிடம்தான் சொல்லியிருந்தேன். போன மாதம், சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒருவர் கோதுமை அரைக்கக் காத்திருந்தார். நான் யாரென்று தெரியாமல் என் கதையை எனக்கே சொன்னார். அதில் பச்சைச் சேலை கட்டிய அம்மா ஒருத்தி கார்டைக் கையில் கொடுத்துவிட்டு நடு ரோட்டில் மறைந்துவிட்டாராம். கார்டைப் போட்டால் செத்துப்போன மகளே அம்மா என்று கூப்பிட்டுப் பாடினாளாம். "கேக்கும்போதே புல்லரிக்குது பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நம்ம புள்ளையப் பேயாக்கிப்புட்டாய்ங்களே" என்றாள். அதற்குப் பிறகுதான் என்னை எழுதச் சொன்னாள்.

ஆண்டவர் எங்களுக்குச் செய்தது எனக்குப் போதும். ஒரு ரோட்டைக் கொடுத்தார், அதில் நடந்து வந்த மனுஷர்களைக் கொடுத்தார். யாரும் மறையவில்லை. அந்த அம்மா கட்டியிருந்தது வெளுத்துப்போன மஞ்சள் சேலை, பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கார்டில் எங்கள் மகள் குரல் இல்லை, அவர் அக்காவின் குரல்தான் இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்வதென்றால் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். சுருக்க வேண்டாம், ஒன்றும் சேர்க்கவும் வேண்டாம். எங்கள் மகள் அந்தப் பாட்டைப் பாடவில்லை. அவளுக்கு அது தெரியாது.